பதினைந்து பெற்றோர்: இடைநிலைப்பள்ளியில் தமிழ்

நம் நாட்டில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிக்கல்வி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டப்பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் அதன்பின் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தேசிய இடைநிலைப்பள்ளிகளில் மலாய்மொழியிலேயே பாடங்களைக் கற்கின்றனர். மலாய்மொழியில் குறித்த அடைவை எட்டாதோர்க்கு முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டுப் புகுமுக வகுப்பு உண்டு. அதனைத் தோல்வியின் அடையாளமாகக் கருதும் பெற்றோர் உளர். நமக்கு அது உடன்பாடன்று. பயிற்றுமொழி மாறும் பிள்ளைக்கு ஓராண்டு பெருங்காலம் அன்று.

ஆயின் இங்கு நாம் விளக்கப் புகுவது, பயிற்றுமொழி என்னும் நிலை நீங்கிய தமிழ் அப்பள்ளிகளில் ஒரு பாடமாக எவ்வாறு இடம்பெறுகிறது என்பதையே.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும் என்கிறது. இதில் எண்ணைவிட வினையே கருதத்தக்கது. தமிழ் மாணவர் பதினைவர் இருந்தால் மட்டும் போதாது. பெற்றோர் கேட்க வேண்டும். நாற்பதின்மர் பயிலும் பள்ளியிலும், எவரும் கேளாவிடின் வகுப்பைக் கோரும் உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

தோட்டப்புறத்தில் இக்கேட்டல் எளிதன்று. சிறிய பள்ளியொன்றின் ஆறாம் ஆண்டில் பத்துப் பேர் இருப்பதாகக் கொள்வோம். அவர்கள் இரண்டு மூன்று இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்துவிட்டால் எண்ணிக்கை எங்குமே நிறைவதில்லை. தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களானபோது குடும்பங்களும் சிதறின. ஒரே படிவத்தில் பதினைவர் சேரவில்லையே என்று முயற்சியைக் கைவிடுவோரும் உளர். அது தவறான கணக்கு. சட்டம் பள்ளியைக் குறிக்கிறதேயன்றி வகுப்பைக் குறிக்கவில்லை. எல்லாப் படிவ மாணவரையும் சேர்த்தே எண்ணலாம்.

வகுப்பு அமைந்த பின்னும் இடர் தீர்வதில்லை. கால அட்டவணையில் இடமின்றிப் பள்ளி முடிந்தபின் தமிழ் நடத்தப்படும் பள்ளிகள் உள்ளன. தோட்டத்துக்குத் திரும்பும் பேருந்தோ அதுவரை காத்திராது. மாணவர்க்குத் தமிழில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று நாம் மேடையில் வருந்தும்போது இப்பேருந்தை நினைப்பதில்லை.

எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் தனித்தனிப் பாடங்கள்; இரண்டும் கட்டாயமல்ல. தமிழை விட்டுவிட்ட மாணவி, பின்னர்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக விரும்பி ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு விண்ணப்பிக்கையில்தான் அத்தேர்ச்சியின் தேவையை உணர்வார். அப்போது அவர் இழப்பது ஒரு பாடத்தை மட்டுமன்று. அவர் பயின்ற தோட்டப்பள்ளியும் வரவிருந்த ஓர் ஆசிரியரை இழக்கிறது.

ஆகவே ஆறாம் ஆண்டு ஆசிரியர், பிள்ளைகள் எப்பள்ளிக்குச் செல்கின்றனர் என்பதைக் கேட்டறிந்து, அண்டைத் தோட்டப்பள்ளி ஆசிரியரோடு பட்டியலை ஒப்பிடுவது நன்று. கோரிக்கையை எழுத்து வடிவில் இடைநிலைப்பள்ளி முதல்வரிடம் பெற்றோரே அளிக்கட்டும். அதன் படியொன்று தமிழ்ப்பள்ளியிலும் இருந்தால் அடுத்த ஆண்டு செல்வோர்க்கு உதவும்.