கதைக்குள் உறையும் பொருள்

நுழையும்முன்

மாயக்கதைகளைப் படிக்கும்போது நிகழ்ச்சிகளுக்கு அப்பால் வேறொரு பொருளும் மறைந்திருப்பதாகத் தோன்றுவதுண்டு. அப்பொருள் நூலில் உள்ளதா, படிப்பவர் மனத்தில் உள்ளதா? புகழ்பெற்ற இரு புதினங்களின் வழியே இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

குறியீடும் உருவகக் கதையும்

சொன்ன பொருளின் வழியே சொல்லாத பொருளை உணர்த்துவது இலக்கியத்தின் தொன்மையான இயல்பு. அகப்பாடல்களில் விலங்கு, பறவை முதலிய கருப்பொருள்களின் செயல்களைக் கூறி மாந்தரின் நிலையை உணர்த்தும் முறையை உள்ளுறை உவமம் என்கிறது தொல்காப்பியம். ஒரு பொருள் தன்னைக் குறிப்பதோடு வேறொன்றையும் குறித்து நிற்பதை இக்காலத் திறனாய்வாளர் குறியீடு என்பர். கதை முழுவதும் பாத்திரங்களும் நிகழ்வுகளும் வேறொரு வரலாற்றுக்கு நேராக அமையுமாயின் அது உருவகக் கதை. ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் வெளியிட்ட ‘விலங்குப் பண்ணை’ அத்தகையது. ரஷ்யப் புரட்சியும் ஸ்டாலினின் ஆட்சியும் அதில் பண்ணை விலங்குகளின் கதையாகின்றன. ஆசிரியரின் நோக்கமும் அதுவே. ஆயினும் எல்லா மாயக்கதைகளையும் இவ்வாறு பிரித்துப் பொருள்கொள்ள இயலுமா?

ஓஸ் நாட்டின் வெள்ளிக் காலணி

அமெரிக்க எழுத்தாளர் எல். ஃபிராங்க் பாம், ஓஸ் என்னும் மாயநாட்டைப் பற்றிய தம் முதல் புதினத்தை 1900இல் வெளியிட்டார். கான்சாஸ் மாநிலச் சிறுமி டோரதி சூறாவளியால் அந்நாட்டிற்குத் தூக்கிச் செல்லப்படுகிறாள். வைக்கோல் பொம்மை, தகர மனிதன், கோழைச் சிங்கம் ஆகியோர் துணைவர, வெள்ளிக் காலணி அணிந்து, மஞ்சள் செங்கல் பாதை வழியே மரகத நகரை அடைகிறாள்.

1964இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்னும் பள்ளி ஆசிரியர் இக்கதைக்குப் புதிய விளக்கம் அளித்தார். 1890களில் அமெரிக்க உழவர்கள் விளைபொருள்களின் விலைவீழ்ச்சியாலும் கடனாலும் துன்புற்றனர். தங்கத்தோடு வெள்ளியையும் தடையின்றி நாணயமாக்கினால் பணப்புழக்கம் பெருகும் எனப் போராடினர். அவர்களின் கோரிக்கையை ஏற்றுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் 1896இல் தோற்றார். லிட்டில்ஃபீல்டின் விளக்கப்படி மஞ்சள் பாதை தங்கம், காலணி வெள்ளி, வைக்கோல் பொம்மை உழவர், தகர மனிதன் ஆலைத் தொழிலாளர், கோழைச் சிங்கம் பிரையன். வரலாற்றைக் கற்பிக்க இவ்விளக்கம் பெரிதும் பயன்படும் என அவர் கருதினார்.

காலப்போக்கில் பலர் இதனைப் பாமின் மறைமுக நோக்கமாகவே எழுதத் தொடங்கினர். ஆனால் சிறுவரை மகிழ்விப்பதே நூலின் நோக்கம் எனப் பாம் தம் முன்னுரையில் கூறியிருந்தார். அவர் அவ்வியக்கத்தின் ஆதரவாளர் எனக் கொள்ளச் சான்று இல்லை என்பதை 1992இல் லிட்டில்ஃபீல்டே ஏற்றுக்கொண்டார்.

நூலுக்குள்ளும் இடர்ப்பாடு உண்டு. டோரதியை இறுதியில் வீட்டிற்குக் கொண்டுசேர்ப்பது வெள்ளிக் காலணியே என்பது இவ்விளக்கத்திற்குப் பொருந்துகிறது. ஆனால் இடையூறுகள் இருப்பினும் அவளை மரகத நகரில் சேர்ப்பது மஞ்சள் பாதைதான். தங்கம் தீமையின் குறியீடு எனில், அது நல்வழியாக அமைவது ஏன்? பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டு பொருந்தாததை விடுவது ஆய்வாகாது.

டோல்கீனின் மோதிரம்

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அழித்தே தீரவேண்டிய தீய மோதிரத்தை அணுகுண்டின் குறியீடாகப் பலர் கண்டனர். ஆனால் கதையை எழுதத் தொடங்கிய ஆண்டு 1937. அணுகுண்டு வீசப்பட்ட ஆண்டு 1945. உருவகக் கதை தமக்கு உவப்பானதன்று எனப் பின்னாளைய முன்னுரையில் டோல்கீன் விளக்கினார். உருவகத்தில் ஆசிரியர் வாசகரை ஒரே பொருளுக்குள் கட்டிவைக்கிறார். பொருத்திப் பார்த்தலோ வாசகரின் உரிமை என்பது அவர் கருத்து.

அதனால் அந்நூலில் உட்பொருளே இல்லை எனல் தவறு. முதல் உலகப்போரில் சோம் போர்க்களத்தில் பணியாற்றியவர் டோல்கீன். இறந்தோர் முகங்கள் நீருக்கடியில் தெரியும் சதுப்புநிலக் காட்சி அப்போர்நிலத்திற்கு ஓரளவு கடன்பட்டது எனக் கடிதமொன்றில் குறிப்பிட்டுள்ளார். மோதிரம் அழியும் நாள் மார்ச் 25. இயேசுவின் பிறப்பு மரியாளுக்கு அறிவிக்கப்பட்டதாகக் கிறித்தவர் போற்றும் திருநாளும் அதுவே. ஆசிரியர் கத்தோலிக்கர், மோதிரத்தை அழிக்கும் பயணம் தொடங்கும் நாளும் டிசம்பர் 25. ஆகவே இதனைத் தற்செயல் எனத் தள்ளுவது அரிது.

சான்றும் உரிமையும்

குறியீட்டைக் காண்போர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். நூலின் சொற்களிலும் அமைப்பிலும் அதற்குச் சான்று உண்டா? ஆசிரியரின் காலமும் வாழ்வும் அதற்கு இடந்தருகின்றனவா? பொருந்தாத பகுதிகளுக்கும் அவ்விளக்கம் விடை கூறுகிறதா?

இவற்றில் தேறாத பொருளையும் வாசகர் தம் வாழ்வோடு பொருத்திப் பார்க்கலாம். மோதிரத்தைச் சுமந்த ஃபுரோடோ, இறுதி நொடியில் அதனை எறிய மறுக்கிறான். அக்காட்சியைப் படிப்பவர் அதிகார வேட்கையை நினைக்கலாம். விடமுடியாத தீய பழக்கத்தையும் நினைக்கலாம். இரண்டும் மெய்யான வாசிப்புகளே. ஆனால் ‘ஆசிரியர் இதனையே கருதினார்’ என்று எழுதுவதற்குச் சான்று வேண்டும். ‘இவ்வாறும் படிக்கலாம்’ என்று எழுதுவதற்கு நூலை முழுமையாகப் படித்திருத்தல் வேண்டும்.