தூசியை எடைபோடும் அதிகாரி

வார்ப்பட ஆலையில் ஆளைக் கொல்லக்கூடியவை எவை என்று கேட்டால் உருக்கிய இரும்பு, கிரேனில் தொங்கும் பாரம், மூடி போடாத பெல்ட் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். காற்றைச் சொல்பவர் அரிது. ஆனால் மணல் அச்சை உடைத்து வார்ப்பை வெளியே எடுக்கும் நாக்-அவுட் பகுதியிலும், வார்ப்பின் பிசிறுகளைக் கிரைண்டரால் தேய்த்தெடுக்கும் ஃபெட்லிங் பகுதியிலும் ஆண்டுக்கணக்கில் நிற்பவர்கள் மிகவும் அஞ்ச வேண்டியது காற்றைத்தான்.

அச்சு மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. மணலாக இருக்கும்வரை அதனால் நுரையீரலுக்குக் கெடுதல் இல்லை. உடைந்து நொறுங்கிப் பொடியாகும்போதுதான் சிக்கல். கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் பிடித்துவிடும். இருமலிலும் சளியிலும் அது வெளியேறிவிடும். சுமார் 4 மைக்ரானும் அதற்குக் குறைவானதும் அப்படிச் சிக்குவதில்லை. தலைமுடியின் தடிமனே 50 முதல் 100 மைக்ரான் என்றால் இது எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். அசைவில்லாத காற்றில்கூட இந்தப் பொடி மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு போய் நுரையீரலின் கடைசிக் காற்றறைகளைத் தொடும். அங்கே காவல் இருக்கும் செல்கள் அதை விழுங்கும். செரிக்க முடியாமல் தாங்களே சாகும். செத்த இடத்தில் அழற்சி, அழற்சியின் மேல் தழும்பு. தழும்பேறிய நுரையீரல் விரிந்து கொடுக்காது. இதுதான் சிலிக்கோசிஸ். இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. வேலையை விட்டு நின்ற பிறகும் நோய் முற்றிக்கொண்டே போகலாம்.

பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் இது தலைகாட்டும். அதற்குள் அந்தத் தொழிலாளி மூன்று ஆலைகள் மாறியிருப்பார். வெடிவிபத்து நடந்தால் ஆம்புலன்ஸ் வரும், அமைச்சர் வருவார், நாளிதழில் படம் வரும். இந்தச் சாவுக்கு யாரும் வருவதில்லை. அதனால்தான் நோய் வருவதற்கு முன்பே போய்க் காற்றை அளந்து, இது தகும், இது தகாது என்று சொல்ல அரசின் சார்பில் ஓர் ஆள் தேவைப்படுகிறது. தொழிலகச் சுகாதார வல்லுநர் என்பவர் அவர்தான். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் மாநில அரசின் கீழ் இந்தப் பொறுப்பை வைத்திருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் ஒன்றிய அரசுடையது. ஆலைகளில் இப்படிப்பட்ட ஆய்வுகளை நடத்துவது அதன் வேலைகளில் ஒன்று.

அவருடைய முதன்மைக் கருவி இடுப்பு பெல்ட்டில் மாட்டும் சிறிய பம்ப். மின்கலத்தில் ஓடும். அதிலிருந்து ஒரு குழாய் முதுகு வழியாக ஏறித் தோளைத் தாண்டிச் சட்டைக் காலருக்கு வரும். குழாயின் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சைக்ளோன், அதன் மேல் வட்டமான வடிதாள் அடங்கிய டப்பி. மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் அது இருக்க வேண்டும், ஏனென்றால் அளக்க வேண்டியது தொழிலாளி இழுக்கும் மூச்சை. சுவரில் மாட்டி வைத்த கருவி காட்டும் அளவு வேறு, கிரைண்டர் மேல் குனிந்து நிற்பவரின் முகத்தருகே கிடைக்கும் அளவு வேறு. சுவரின் கணக்கை நம்பி ஆளைக் கைவிட்ட கதைகள் நிறைய நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சைக்ளோன் செய்யும் வேலையை முறத்தில் புடைப்பதோடு ஒப்பிடலாம். உள்ளே நுழையும் காற்று சுழலும். கனமான துகள்கள் சுவரில் மோதி அடியில் உள்ள சிறு கிண்ணத்தில் விழும். நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய பொடி மட்டும் மேலேறி வடிதாளில் படியும். இந்தப் பிரிப்பு சரியாக நடக்கக் காற்றின் வேகம் மாறாமல் இருக்க வேண்டும். வெகுவாகப் புழங்கும் 10 மில்லிமீட்டர் நைலான் சைக்ளோனுக்கு நிமிடத்துக்கு 1.7 லிட்டர். வேகம் குறைந்தால் பெரிய துகளும் உள்ளே வந்துவிடும், கூடினால் சிறியதும் விழுந்துவிடும். ஆகவே வேலை தொடங்குமுன் ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை பம்பின் ஓட்டத்தைச் சரிபார்த்து எழுதிவைப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைய உழைப்பு வீண். டப்பியைக் கழற்றும்போது தலைகீழாகக் கவிழ்த்தாலும் வீண்தான். கிண்ணத்தில் கிடந்த பெரிய துகளெல்லாம் வடிதாளில் கொட்டிவிடும்.

மாட்டிவிட்டு அதிகாரி அலுவலக அறைக்குப் போய் டீ குடித்துக்கொண்டிருக்க முடியாது. பம்ப் தொந்தரவாக இருக்கிறது என்று அதைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிடுபவர் இருப்பார். அளக்கிறார்களே என்று அன்றைக்கு மட்டும் மெதுவாக வேலை செய்பவரும் இருப்பார். “எப்பவும் செய்யற மாதிரியே செய்ங்கண்ணா” என்று சொல்லிவிட்டுக் கூடவே நின்று எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு நாக்-அவுட், எப்போது கூட்டினார்கள், மின்விசிறி எந்தப் பக்கம் பார்த்து ஓடியது, ஷிப்ட் முடிவில் உடம்பில் படிந்த தூசியைக் கம்ப்ரெஸர் காற்றால் ஊதித் தட்டினாரா. ஆய்வுக்கு வருவதாக முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தால் தரை கழுவி, தண்ணீர் தெளித்து, ஆலை திருவிழாவுக்குத் தயாரானது மாதிரி இருக்கும். அனுபவம் உள்ளவர் தரையைப் பார்க்க மாட்டார். கூரை உத்தரத்தையும் விளக்கின் மேல்மூடியையும் நிமிர்ந்து பார்ப்பார். அங்கே படிந்திருப்பதை யாரும் ஒரே இரவில் துடைப்பதில்லை.

பிறகு கணக்கு. எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிடம், 1.7 லிட்டர் வீதம் 816 லிட்டர், அதாவது 0.816 கன மீட்டர் காற்று. முன்பே எடைபோட்ட வடிதாளை மைக்ரோகிராம் வரை காட்டும் தராசில் மறுபடி நிறுத்ததில் 0.49 மில்லிகிராம் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டருக்கு 0.6 மில்லிகிராம் தூசி. இதில் குவார்ட்ஸ் எவ்வளவு என்பதை ஆய்வகத்தில் எக்ஸ்ரே விளிம்புவிளைவு முறையில் கண்டுபிடிப்பார்கள். 18 சதவீதம் என்போம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை தந்த வாய்பாடு எளிமையானது: குவார்ட்ஸ் சதவீதத்தோடு 2 கூட்டி, அதனால் 10ஐ வகுக்க வேண்டும். 20ஆல் வகுத்தால் 0.5. அந்த ஆளின் மூச்சு வரம்பைத் தாண்டிவிட்டது.

இதே வாய்பாட்டைத்தான் அமெரிக்காவும் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. 2016இல் அதைக் கைவிட்டு, சிலிக்கா மட்டுமே கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று விதித்தார்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் சிலிக்கா 0.108. அதாவது நம் வரம்பைச் சற்றே தாண்டிய அதே மூச்சு, அவர்கள் வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நுரையீரல் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். நம் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் புதிய தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கும் இந்தச் சமயத்தில், வரம்பையும் இறுக்குவது அவசியம்.

இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர். 1910இல் இல்லினாய் மாநிலத்துக்காக ஈயத்தால் வரும் நோய்களை ஆராய்ந்தார். அடுத்து அமெரிக்க ஒன்றிய அரசின் சிறப்பு ஆய்வாளரானார். ஆலைக்குள் நுழையும் அதிகாரம் மட்டும் அவருக்கு இல்லை. முதலாளியிடம் பேசிப் பேசித்தான் கதவைத் திறக்க வைத்தார். உள்ளே கிடைக்காததை மருத்துவமனைப் பதிவேடுகளிலும் தொழிலாளர் வீடுகளிலும் தேடினார். 101 வயதில் 1970 செப்டம்பரில் இறந்தார். ஆலைக்குள் நுழைந்து சோதிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசின் ஆய்வாளருக்குத் தந்த பாதுகாப்புச் சட்டம் அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று கையெழுத்தானது. இந்தியாவில் 1948 சட்டத்தின் 9ஆம் பிரிவே அந்த அதிகாரத்தை ஆய்வாளருக்குக் கொடுத்திருந்தது.

வரம்பு மீறியது தெரிந்ததும் முகமூடி வாங்கிக் கொடுத்துவிடுகிறோம் என்பதுதான் நிர்வாகம் முதலில் சொல்லும் பதில். நல்ல அதிகாரி அதைக் கடைசியில்தான் ஏற்பார். மூக்கில் கட்டிய துண்டு இந்தப் பொடியை நிறுத்தாது. சரியான முகமூடியும் தாடி இருந்தால் முகத்தோடு ஒட்டாது. உலைச் சூட்டில் எட்டு மணி நேரம் அதைப் போட்டிருக்க யாராலும் முடியாது. முதலில் கேட்க வேண்டியது, மணலையே மாற்ற முடியுமா என்பது. வார்ப்புகளை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதை பிரிட்டன் 1949 விதிகளால் நிறுத்தியது. எஃகுக் குண்டுமணிகள் அந்த இடத்துக்கு வந்தன. மாற்ற முடியாவிட்டால் தூசி பிறக்கும் இடத்திலேயே அதை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சு குழல் இருந்தால் மட்டும் போதாது. அதன் வாயருகே புகை விடும் சிறு கண்ணாடிக் குழாய் ஒன்றை உடைத்துக் காட்டுவார் அதிகாரி. புகை உள்ளே போகாமல் ஆளின் முகத்துக்குத் திரும்பினால் அந்த இயந்திரம் வெறும் ஓசைதான். உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் கூட்டுவதை நிறுத்துவது செலவே இல்லாத திருத்தம். அதை நிறைவேற்றுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.

மருத்துவர்களுக்கும் இதில் கடமை உண்டு. சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய். கண்டறியும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று 1948 சட்டத்தின் 89ஆம் பிரிவு சொன்னது. எக்ஸ்ரேயில் இது காசநோய் போலவே தெரியலாம். சிலிக்கா ஏறிய நுரையீரலில் காசநோய் எளிதாகப் பிடிக்கவும் செய்யும். எனவே பல ஆலைத் தொழிலாளிகள் காசநோய் மாத்திரையோடு வீடு திரும்புகிறார்கள். “என்ன வேலை பார்க்கிறீங்க?” என்ற ஒரு கேள்வி கேட்கப்படாததால் அந்த ஆலை ஆய்வாளரின் பட்டியலுக்கே வராமல் போகிறது.

ஒரு மாதத்தில் எத்தனை ஆலை பார்த்தாய் என்று மட்டும் கேட்டால் இந்தக் கலை செத்துவிடும். ஒரு முழு ஷிப்ட் ஒரே இடத்தில் நின்று, உறிஞ்சு குழல் சரிசெய்த பிறகு அதே ஆளின் காலரில் மறுபடி பம்பை மாட்டி அளப்பவருக்கு எண்ணிக்கை ஏறாது. அந்த இரண்டாவது அளவுதான் முக்கியம், திருத்தம் உண்மையா ஒப்புக்கா என்பதை அதுதான் காட்டும். முடிவு யாருக்குத் தெரிய வேண்டும் என்பதிலும் ஐயம் வேண்டாம். போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின் 1987 திருத்தத்தால் 1948 சட்டத்தில் சேர்ந்த 111ஏ பிரிவு, தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது. காலரில் பம்ப் மாட்டப்பட்ட ஒவ்வொருவரும் தன் வடிதாள் என்ன சொன்னது என்று கேட்கலாம். அதிகாரியும் கேட்கும்வரை காத்திராமல், அந்த எண்ணையும் அதன் பொருளையும் தமிழில் எழுதி ஆலையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யலாம்.