ஸ்கேனுக்கா, முதுகுக்கா ஆபரேஷன்?

அன்னூர் வட்டாரத்தில் வாழைத்தார் சுமப்பவருக்கும் தறிக்குழியில் உட்காருபவருக்கும் குறுக்கு வலி பழகிய துன்பம். வலி காலுக்கு இறங்கினால் கோவைக்குப் போய் ஸ்கேன் எடுக்கிறார்கள். ‘ஜவ்வு விலகிருச்சு’ என்று தெரிந்ததும் ஆபரேஷன்தான் என வீட்டில் முடிவாகிவிடுகிறது. இந்த அவசரம் ஆபத்தானது.

வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பல ஆய்வுகளை 2015-ல் தொகுத்தார்கள். 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு, ஜவ்வு எனப்படும் முதுகுத் தட்டில் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பதுபோல முதுகுத் தட்டும் மூப்படைகிறது.

கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழு நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. குறுக்கு வலிக்காரர்களில் ஒரு பிரிவினருக்கு ஸ்கேன் அறிக்கையை முழுதாக விளக்கினார்கள். மற்றவர்களிடம் ‘வயதுக்கேற்ற மாற்றம்தான்’ என்று தைரியம் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், அறிக்கையைக் கேட்டவர்களுக்கே பயமும் அதிகம். வலி குறைந்ததும் கம்மி.

ஆபரேஷனில் என்னென்ன ஆபத்து?

தொற்று, ரத்தக்கசிவு, நரம்புக் காயம், தண்டுவட உறை கிழிந்து நீர் கசிவது ஆகியவை எந்த நல்ல மருத்துவமனையிலும் நேரக்கூடியவை. அதே தட்டு மறுபடி பிதுங்கலாம். திருகாணி போட்டு எலும்பை இணைத்தால் பக்கத்துத் தட்டின் மேல் பாரம் கூடும். சர்க்கரை கட்டுப்படாதவருக்குத் தொற்று அபாயம் அதிகம். புகைபிடிப்பவருக்கு எலும்பு கூடுவது சிரமம். எல்லாம் சரியாக நடந்தும் சிலருக்கு வலி தீர்வதில்லை.

நெதர்லாந்தில் காலுக்கு வலி இறங்கிய 283 பேரிடம் நடந்த ஆய்வு 2007-ல் வந்தது. உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிட வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால், ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கே பிறகு ஆபரேஷன் நடந்தது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் தொய்ந்தாலும் தாமதிக்கக் கூடாது. இங்கே ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் ஆயுளுக்கும் ஊனம் தங்கிவிடலாம்.

மற்றவர்கள் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: என் வலியும் ஸ்கேனில் தெரியும் இடமும் பொருந்துகின்றனவா? ஆறு வாரம் மருந்தும் பயிற்சியும் பார்த்தால் என்ன நஷ்டம்? ஆபரேஷனால் கால்வலி போகுமா, குறுக்கு வலியும் போகுமா? எப்போது மறுபடி பாரம் தூக்கலாம்? பதில் திருப்தி தராவிட்டால் இன்னொரு நிபுணரிடம் காட்டுங்கள். உழைத்துப் பிழைக்கிறவருக்கு முதுகுதான் முதல்; அதைப் பற்றிக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.