அணியப்படும் புனைவு: டிஸ்டோப்பிய வாசக ஆடைகளும் அயலார் எதிர்வினையும்

திறவுச்சொற்கள்: ஆடை, குறி, டிஸ்டோப்பியப் புனைவு, அயலார், எதிர்ப்பு, கருத்துரிமை

முன்னுரை

ஆடை உடலை மறைப்பதோடு அமையாது. அணிபவரைப் பற்றிய செய்தியொன்றையும் காண்பார்க்கு உணர்த்துகிறது. கொடுங்கோன்மை முற்றிய கற்பனைச் சமூகத்தைச் சித்திரிக்கும் டிஸ்டோப்பியப் புனைவுகளிலிருந்து பெற்ற வாசகங்களும் உருவங்களும் அண்மைக் காலத்தில் ஆடைகளில் இடம்பெறுகின்றன. இத்தகைய ஆடையை முன்பின் அறியாதோர் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதையும், அவ்வெதிர்வினை எப்போது தண்டனையாக மாறுகிறது என்பதையும் அமெரிக்கா, அர்ஜென்டினா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

குறியும் கூட்டறிவும்

அணிவதன்வழிச் செய்தி சொல்லும் வழக்கம் தமிழ்ப் பொருளிலக்கணத்திற்குப் புதிதன்று. போர்க்களத்தில் சேரர் பனம்பூவையும் பாண்டியர் வேம்பையும் சோழர் ஆத்தியையும் அடையாளமாகச் சூடினர். நிரை கவர்வோர் வெட்சி சூடுவதும் மீட்போர் கரந்தை சூடுவதும் புறப்பொருள் மரபு. இக்குறிகளின் பொருளைச் சூடியவரும் அறிவர், எதிர்நிற்பவரும் அறிவர். டிஸ்டோப்பிய வாசக ஆடையின் நிலை இதனின்று வேறுபட்டது. அதன் பொருள் ஒரு நூலை அடியொற்றியது. தெருவில் எதிர்ப்படுவோர் அந்நூலை அறிந்திருப்பர் என்பதற்கு உறுதியில்லை. எனவே ஒரே ஆடை ஒருவருக்குக் குறியாகவும் மற்றொருவருக்கு வெறும் எழுத்தாகவும் நிற்கிறது.

மூவகை எதிர்வினை

அயலார் எதிர்வினையை மூன்றாகப் பகுக்கலாம். நூலை அறிந்து உடன்படுவோர் அணிபவரைத் தம்மவராகக் கொள்வர். ஒரு புன்னகையோ தலையசைப்போ அதற்குப் போதும். நூலை அறியாதோர் வாசகத்தை அதன் நேர்பொருளில் கொள்வர். புனைவில் கொடுங்கோல் அரசின் முழக்கமாக வரும் தொடரை எள்ளலாக ஒருவர் அணியும்போது, அறியாதவர் அதனை அணிபவரின் சொந்தக் கொள்கையெனக் கருத இடமுண்டு. மூன்றாம் வகையினர் நூலை அறிந்தும் அரசியலில் மாறுபடுவோர்.

இம்மூன்றாம் நிலைக்கு ஜார்ஜ் ஆர்வெல்லின் 'நைன்டீன் எய்ட்டி ஃபோர்' (1949) தக்க சான்றாகும். 2017 ஜனவரியில் அமெரிக்க அதிபரின் ஆலோசகர் ஒருவர் 'மாற்று உண்மைகள்' என்னும் தொடரைக் கையாண்டதையடுத்து அந்நாவலின் விற்பனை பெருகி, அமேசான் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 2016 தேர்தலில் டிரம்ப் தரப்பு வழங்கிய முழக்கத்தைத் திரித்து, 'ஆர்வெலை மீண்டும் புனைவாக்குக' என்னும் பொருளுடைய வாசகம் தொப்பிகளிலும் டி-ஷர்ட்டுகளிலும் பொறிக்கப்பட்டது. இவ்வாசகம் எந்தத் தலைவரையும் பெயர் சுட்டவில்லை. தம் எதிர்த்தரப்பே கண்காணிப்பு அரசை உருவாக்குகிறது என இரு தரப்பாரும் கருதுவதால், எத்தரப்பினரும் இதனை அணிய இயலும். அணிபவர் எத்தரப்பினர் என்பதைக் காண்பவர் தாமே ஊகிக்க வேண்டியுள்ளது.

நூலறியாதார்க்கும் விளங்கும் உடை

மார்கரெட் ஆட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) நாவலில் பிள்ளைப்பேற்றுக்கென அடிமைப்படுத்தப்பட்ட பெண்கள் சிவப்பு அங்கியும் வெண்ணிறத் தலைமறைப்பும் அணிகின்றனர். 2017 மார்ச்சில், இந்நாவலின் தொலைக்காட்சித் தொடர் வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்னர், கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் சட்ட முன்வரைவுகளை எதிர்த்துப் பெண்கள் சிலர் இவ்வுடையுடன் டெக்சாஸ் மாநில மேலவையின் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்தனர். 2018இல் அர்ஜென்டினாவில் கருக்கலைப்புச் சட்டம் விவாதிக்கப்பட்டபோது புவனஸ் அயர்ஸ் நாடாளுமன்றத்தின் முன்னும் இவ்வுடை தோன்றியது.

இங்கு எழுத்து இல்லை, குரலும் இல்லை. பேரவை மாடங்களில் முழக்கமிடுவோர் வெளியேற்றப்படலாம். அமைதியாக அமர்ந்திருப்போரை வெளியேற்றக் காரணம் காண்பது அரிது. ஒரே நிறத்தில் தலைகுனிந்து நிற்கும் பெண்களின் வரிசை, நாவலைப் படியாதவருக்கும் அடக்குமுறையை உணர்த்திவிடுகிறது. வாசக ஆடையின் வரம்பை இவ்வுடை கடப்பது இதனாலேயே.

அரசே வாசகனாகும்போது

காண்பவர் தனிமனிதராக இருப்பின் எதிர்வினை புன்னகையாகவோ முகச்சுளிப்பாகவோ முடியும். காண்பது அரசாயின் நிலை மாறுகிறது. தாய்லாந்தில் 2014 மே 22 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அதன்பின் எதிர்ப்பாளர்கள் சிலர் ஆர்வெல்லின் நாவலைப் பொதுவிடங்களில் மௌனமாக வாசித்தனர். சுசான் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' கதையில் வரும் மூவிரல் வணக்கத்தையும் கைக்கொண்டனர். அவ்வாண்டு நவம்பரில் கோன் கேன் நகரில் பிரதமர் பிரயுத் சான் ஓச்சா உரையாற்றியபோது, மாணவர் ஐவர் எழுந்து அவ்வணக்கத்தைச் செய்தனர். அவர்கள் அணிந்திருந்த டி-ஷர்ட்டுகளின் எழுத்துகள் ஒன்றுசேர்ந்து ஆட்சிக்கவிழ்ப்பை மறுக்கும் தொடராயின. ஐவரும் காவலில் வைக்கப்பட்டனர்.

ஒரு புனைவின் சைகை குற்றமாவதற்கு அதனை அரசு சரியாகப் படித்திருக்க வேண்டும். குறியை விளங்கிக்கொண்ட அரசு அதனைத் தடுக்க முற்படும்போது, விளங்காதிருந்தோருக்கும் அதன் பொருளைத் தானே கற்பித்துவிடுகிறது. 2021இல் மியான்மரில் இராணுவ ஆட்சிக்கு எதிராகவும் இவ்வணக்கமே எழுந்தமை இங்கு நோக்கத்தக்கது.

சட்டத்தின் பார்வை

அயலார் சினம் கொள்ளக்கூடும் என்னும் காரணத்தால் ஒருவரது ஆடையைத் தண்டிக்கலாமா என்னும் வினாவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'கோஹன் எதிர் கலிஃபோர்னியா' (1971) வழக்கில் எதிர்கொண்டது. கட்டாய இராணுவச் சேர்ப்பை வசைச்சொல்லால் எதிர்க்கும் வாசகம் எழுதிய மேற்சட்டையை 1968இல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்ற வளாகத்தில் அணிந்திருந்தவருக்கு 30 நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் 5-4 என்னும் பெரும்பான்மையில் அத்தண்டனையை நீக்கியது. காண விரும்பாதோர் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம் என்பதும், அவ்வாடை கண்டு எவரேனும் வன்முறையில் இறங்குவர் என்பதற்குச் சான்றில்லை என்பதும் தீர்ப்பின் அடிப்படைகள். அயலார் எதிர்வினை பற்றிய அச்சம் மட்டுமே அணிபவரைத் தண்டிக்கப் போதாது என்பது இதனால் பெறப்படும்.

மறுப்புக் குரல்கள்

எதிர்வினை யாவும் பகையால் எழுவன அல்ல. 2018இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று சிவப்பு அங்கியைக் கவர்ச்சி உடையாக மாற்றி விற்க முற்பட்டுக் கண்டனத்தால் பின்வாங்கியது. 2021இல் பெண்கள் பேரணி அமைப்பாளர்களே இவ்வுடையைத் தவிர்க்குமாறு வேண்டினர். கறுப்பினப் பெண்களும் வறிய பெண்களும் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டுக்கு ஏற்கெனவே ஆட்பட்டிருந்தனர். அவ்வரலாற்றை வரவிருக்கும் கற்பனைத் துயராக இவ்வுடை காட்டுகிறது என்பது அவர்கள் தரப்பு. ஒருவருக்கு எச்சரிக்கையாக அமையும் குறி, மற்றொருவருக்குத் தம் முன்னோர் பட்ட துன்பத்தின் மறைப்பாகத் தோன்றுகிறது.

முடிவுரை

டிஸ்டோப்பிய வாசக ஆடையின் பொருள் அணிபவரால் மட்டும் முடிவாவதில்லை. காண்பவரின் நூலறிவு, அரசியல் சார்பு, அதிகாரம் ஆகியவற்றால் முழுமை பெறுகிறது. இவற்றுள் அதிகாரமே அணிபவரின் நிலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அயலார் தவறாகப் புரிந்துகொண்டால் அணிபவருக்கு நேர்வது சிறு சங்கடமே. அரசு சரியாகப் புரிந்துகொண்டால் நேர்வது சிறையாகலாம். புனைவை அணிந்தவர் எவ்விதம் நடத்தப்படுகிறார் என்பதைக்கொண்டு, அப்புனைவு சித்திரித்த சமூகத்திலிருந்து ஒரு நாடு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை மதிப்பிடலாம்.