“போலி வைத்தியம்” என்று எழுதியது அரசாங்கப் பத்திரிகை! கோர்ட்டுக்குப் போன மேடைக் கலைஞர்!

தென் ஆப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் கோர்ட்டில் 1948-ம் ஆண்டு ஒரு மான நஷ்ட வழக்கு நடந்தது. வழக்குப் போட்டவருக்கு வயது 79. பெயர் மத்தியாஸ் அலெக்சாண்டர். டாக்டர் அல்ல. மாத்திரை, ஊசி எதுவும் கொடுத்தது இல்லை. மேடையில் ஷேக்ஸ்பியர் வசனம் பேசிப் பிழைத்தவர். பிறகு, எப்படி உட்காருவது, எப்படி எழுந்திருப்பது என்று சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஆனவர்!

உட்காருவதற்குக் கூடவா வாத்தியார்? என்று சிரிப்பு வரலாம். அப்படிச் சிரித்ததால் வந்ததுதான் வழக்கே. இவருடைய முறை போலி வைத்தியம் என்று தென் ஆப்பிரிக்க அரசாங்கத்தின் பத்திரிகை ஒன்று 1944-ல் கட்டுரை வெளியிட்டது. கிழவர் விடவில்லை. 5 ஆயிரம் பவுண்டு நஷ்ட ஈடு கேட்டு கேஸ் போட்டார்.

குரல் போச்சு!

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியா தீவில் 1869-ல் பிறந்தவர் அலெக்சாண்டர். வாலிப வயதில் வெள்ளீயச் சுரங்கக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை பார்த்தார். நாடக ஆசை விடவில்லை. மெல்போர்னுக்குப் போய் மேடை ஏறினார்.

மைக் கிடையாத காலம். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அடித்தொண்டையில் கத்தவேண்டும். கொஞ்ச நாளில் தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டரிடம் போனார். 2 வாரம் பேசாமல் இருக்கச் சொன்னார் டாக்டர். அப்படியே இருந்தார். மறுபடி மேடை ஏறியபோது முதலில் குரல் கணீர் என்று வந்தது. பாதி நிகழ்ச்சி தாண்டுவதற்குள் மீண்டும் போய்விட்டது!

மேடையில் பேசும்போது தான் செய்யும் ஏதோ ஒன்றுதானே காரணமாக இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் ஒப்புக்கொண்டார். அது என்ன? என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

3 கண்ணாடிகள்

பிறகு அலெக்சாண்டரே துப்பு துலக்கக் கிளம்பினார். கண்ணாடி முன் நின்று வசனம் பேசிப் பார்த்தார். 3 தவறுகள் பிடிபட்டன. வாயைத் திறந்த உடனே தலை பின்னால் இழுத்துக்கொள்கிறது. குரல்வளை அமுங்குகிறது. மூச்சை வாயால் ‘ஹக்’ என்று உறிஞ்சுகிறார்.

சரி, தலையை முன்னால் வைத்துப் பேசுவோம் என்று பேசினார். வைத்துவிட்டதாகவே நினைத்தார். பக்கத்துக்கு ஒன்றாக மேலும் 2 கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. தலை முன்னால் வரவே இல்லை. முன்னைவிட அதிகமாகப் பின்னால் போயிருந்தது! தன் உடம்பு தனக்கே பொய் சொல்கிறது என்று தெரிந்துகொண்டார். பேச வேண்டும் என்று தோன்றியதும் பேசாமல், ஒரு கணம் நிறுத்தி, கழுத்தைத் தளரவிட்டுப் பிறகு பேசப் பழகினார். இதற்கு ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. குரல் திரும்பியது.

மற்ற நடிகர்கள் தேடி வந்தார்கள். 1904-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். எழுத்தாளர்கள் பெர்னார்டு ஷாவும் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் அவரிடம் பாடம் கேட்டார்கள். பாடம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலி. வாத்தியார் கழுத்திலும் முதுகிலும் கை வைத்தபடி உட்காரவைத்து எழுப்புவார். அவ்வளவுதான்!

தீர்ப்பு

வழக்கு வருவதற்குச் சற்று முன்பு அலெக்சாண்டருக்குப் பக்கவாதம் தாக்கியது. ஜோகன்னஸ்பர்க்குக்கு அவரால் போக முடியவில்லை. ஆனாலும் தீர்ப்பு அவர் பக்கம். ஆயிரம் பவுண்டும் செலவுத் தொகையும் கொடுக்க உத்தரவு. அப்பீலிலும் அதுவே உறுதி ஆனது. பக்கவாதத்தில் இருந்து தேறி மறுபடி பாடம் நடத்திய அவர், 1955-ல் 86 வயதில் காலமானார்.

ஒன்று சொல்லவேண்டும். கோர்ட்டில் ஜெயித்ததால் எல்லா வியாதியும் தீரும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் முதுகு வலி விஷயத்தில் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் 579 முதுகு வலிக்காரர்களை வைத்து நடத்திய சோதனை 2008-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 4 வாரத்தில் 21 நாள் வலி. இவருடைய முறையில் 24 பாடம் படித்தவர்களுக்கு, ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது 3 நாள்!

வாத்தியக்காரர்கள்

பிடில், புல்லாங்குழல்காரர்களுக்குக் கழுத்தும் தோளும்தான் முதலில் போகும். அதனால் அவர்களிலேயே பலர் வாத்தியார் ஆகிவிட்டார்கள். லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் தலைமைப் புல்லாங்குழல் வாசித்த அலெக்ஸ் முர்ரே அப்படி வந்தவர். லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் இது பாடமாகவே நடக்கிறது.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செல்லோ கற்றுக்கொடுத்த வில்லியம் கோனபிள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மாணவர்கள் தங்கள் எலும்பு எங்கே மடங்குகிறது என்று நினைக்கிறார்களோ, அங்கேதான் மடக்கப் பார்க்கிறார்கள். கை தோளில் ஆரம்பிக்கிறது என்று நினைப்பவர் தோளைப் பூட்டிக்கொண்டு வில்லை இழுக்கிறார். உண்மையில் கை எலும்புக் கூட்டத்தின் மூட்டு இருப்பது நெஞ்சுக்கு நடுவில், காரை எலும்பு தொடங்கும் இடத்தில். அங்கே விரலை வைத்துக்கொண்டு கையைத் தூக்கிப் பார்த்தால் அசைவது தெரியும்.