மரத்தாலாய பார்வை வாத்துகள்

மானைக் கொண்டு மானையும், பறவையைக் கொண்டு பறவையையும் அகப்படுத்தல் வேடர்க்குப் பழகிய உபாயமாம். தன் இனத்தை ஈர்க்கும்பொருட்டுப் பழக்கி நிறுத்தப்படும் உயிரைப் 'பார்வை' என்பது பழந்தமிழ் வழக்கு. வட அமெரிக்க நாட்டினர் இப்பார்வையை உயிரற்ற பொருள்களாலும் அமைத்தனர். வாத்தின் உருவங்களை நீரில் மிதக்கவிட்டு, வானிற் செல்லும் வாத்துகள் தம்மினம் ஆண்டு அச்சமின்றி இரைதேர்வதாகக் கருதி இறங்குங்கால், மறைந்திருந்து அவற்றை வீழ்த்தினர். இவ்வுருவங்கள் இன்று பெருவிலை பெறுவது எவ்வாறென்பதையும், இவற்றைச் சேகரிப்போர் முதற்கண் அறியவேண்டுவது யாதென்பதையும் ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இக்கலை மிகத் தொன்மையானது. நெவாடா மாகாணத்து லவ்லாக் குகையை 1924-ஆம் ஆண்டில் அகழ்ந்த ஆராய்ச்சியாளர், கோரையால் முடைந்த 11 வாத்துருவங்களைக் கண்டெடுத்தனர். அந்நாட்டுப் பழங்குடிகள் செய்த அவை ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முற்பட்டவை. அவற்றுட் சிலவற்றின்மேல் வண்ணமும் இறகும் இன்னும் எஞ்சியுள்ளன.

பின்னர்க் குடியேறிய ஐரோப்பிய மரபினர் இவற்றை மரத்திற் செய்தனர். தேவதாரு, பைன் முதலிய இலேசான மரங்களில் உடலைச் செதுக்கித் தலையைத் தனியே கடைந்து பொருத்துவர். அலையிற் கவிழாதிருக்க அடியில் ஈயத்துண்டு பதிப்பர். ஒளிவீசும் வண்ணம் பறவையை வெருட்டுமாதலின் மங்கிய வண்ணமே தீட்டுவர். 19-ஆம் நூற்றாண்டில் நகரச் சந்தைகட்கு வாத்திறைச்சி அனுப்பும் வேட்டை வாணிகம் பெருகவே, இவற்றின் தேவையும் பெருகிற்று. டெட்ராய்ட் நகரத்து மேசன் தொழிற்சாலை 1896 முதல் 1924 வரை இவற்றைச் செய்து விற்றது.

இவ்வேட்டையாற் பறவைகள் அருகின. 1918-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் இயற்றிய, வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் அவ்வாணிகத்தை ஒழித்தது. பிற்காலத்துப் பிளாஸ்டிக் உருவங்களும் வந்தமையின், மர வாத்துகள் பல அடுப்பெரிக்கவும் பயன்பட்டன. அவற்றைக் கலைப்பொருளாக மதித்துச் சேகரித்தவருள் முன்னோடி ஜோயல் பார்பர் என்னும் கட்டடக்கலைஞர். அவர் 1934-இல் இவற்றைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய சேகரம் வெர்மாண்ட் மாகாணத்து ஷெல்பர்ன் பொருட்காட்சிசாலையில் உள்ளது.

செய்தோர் பெரும்பாலும் எளிய தொழிலாளரே. மேரிலாந்து மாகாணத்துக் கிறிஸ்பீல்டு ஊரினரான லெம் வார்டு, ஸ்டீவ் வார்டு என்னும் சகோதரர் முடிதிருத்துவோராயிருந்தவர். தம்பியாகிய லெம் வண்ணந்தீட்டுவதில் வல்லவர். மூத்தவராகிய ஸ்டீவ் செதுக்குவதில் வல்லவர். மாசச்சூசெட்ஸ் மாகாணத்து எல்மர் குரோவெல் செய்த உருவங்களுள் இரண்டு, 2007-ஆம் ஆண்டில் ஒவ்வொன்றும் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின.

இனிச் சேகரிப்போர் அறியவேண்டுவது ஒன்றுண்டு. நீரிலும் வெயிலிலும் கிடந்து மங்கிய வாத்துகட்கு வேடர் அடுத்த பருவத்தின்முன் புதுவண்ணம் பூசிக்கொள்வது வழக்கம். ஆகவே முதல் வண்ணத்தோடு எஞ்சியவை அரியன. அரியவாதலின் விலையும் மிக்கன. அழகுசெய்வதாக எண்ணி ஒருவர் பழவண்ணத்தைச் சுரண்டிப் புதியது பூசுவராயின், பொருளின் மதிப்பிற் பெரும்பகுதி ஒருநாளில் அழியும். விலை குறைதல் சிறிது. செய்தோன் கைத்திறத்திற்குரிய சான்று மறைதலே பெரிது. அடிப்புறத்திற் பொறித்த முத்திரை, ஈயத்தின் வடிவு, ஆணியின் வகை, குண்டு பாய்ந்த தழும்பு ஆகியன யாவும் அச்சான்றின் பகுதிகளே. போலிகளை விலக்குதற்கும் அவையே துணையாவன.

கொலைக்கருவியைப் போற்றுதல் தகுமோ என வினவுவாருமுளர். இவற்றைச் செய்தோர் வாத்து உறங்குதலையும், இறகு கோதுதலையும் ஊன்றிக் கண்டாலன்றி அவற்றை மரத்திற் காட்டியிரார். அவ்வாறு கண்டதே அவ்வண்ணத்தில் நிற்கின்றது. லாப்ரடார் வாத்து என்னும் இனமோ 19-ஆம் நூற்றாண்டிலேயே அடியோடு மறைந்தது. மறைந்த பறவையை மீட்டல் எவர்க்கும் இயலாது. எஞ்சிய உருவத்தை உள்ளவாறே காத்தல் நமக்கு இயலும். காப்போர் அவ்வுருவத்தோடு, எஞ்சிய பறவைகளையும் காக்கும் கடப்பாட்டினை நினைவிற் கொள்வாராக.