டிராக்டர் என்ஜினைக் கழற்றிப் புதுப்பித்தல்

மானாவாரிக் காடுகளில் விதைப்புக்கேற்ற ஈரம் மழைக்குப் பின் சில நாட்களே நிற்கும். அந்தச் சமயத்தில் டிராக்டர் பட்டறையில் பிரிந்து கிடந்தால், தவறிய பருவத்தைப் பின்னர் எத்தனை உரமிட்டாலும் ஈடுகட்ட இயலாது. உழவியல் துறையைச் சேர்ந்தவன் என்ஜினைப் பற்றி எழுதக் காரணம் இதுவே. என்ஜின் வேலை இருக்குமானால் மாசி, பங்குனியில் முடித்து, சித்திரையில் கோடை உழவுக்கு வண்டியைத் தயாராக வைத்துக்கொள்வது நலம். ஆடி பிறந்த பின் சென்றால் பட்டறையில் கூட்டம். அவசரத்தில் அளவு பார்க்காமலே வேலை முடிந்துவிடும்.

கோவை, பம்பு செட்டுக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊர். சிங்காநல்லூர் வழியே செல்லும் திருச்சி சாலைப் பக்கத்து விவசாயிகளுக்கு லேத்துப் பட்டறையும் கைதேர்ந்த மெக்கானிக்கும் கிடைப்பது கடினமன்று. எதைச் சொல்லி, எதைக் கேட்டு வேலை வாங்க வேண்டும் என்பதே தெரிய வேண்டியது.

என்ஜின் வேலை தேவைதானா?

புகையின் நிறத்தை முதலில் பார்க்க வேண்டும். கறும்புகை வந்தால் டீசலுக்கேற்ற காற்று போதவில்லை என்று பொருள். ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம், நாசில் சரியாகத் தூவாமல் இருக்கலாம், அல்லது வண்டியின் சக்திக்கு மீறிய கருவியைப் பூட்டியிருக்கலாம். இதற்காக என்ஜினைப் பிரிப்பது வீண் செலவு. காலையில் கிளப்பும்போது சிறிது வெண்புகை வருவது இயல்பு. சூடேறிய பிறகும் அது நீடித்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. அதோடு பிரீதர் குழாயில் குபுகுபுவென்று ஆவி தள்ளுதல், அளவுக்கம்பியில் ஆயில் விரைந்து இறங்குதல், காலையில் கிளம்ப மறுத்தல் ஆகியவையும் சேர்ந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன எனக் கொள்ளலாம். டீசல் என்ஜினில் தீப்பொறி இல்லை. காற்றைப் பதினாறில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ அமுக்குவதால் எழும் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. ரிங் வழியே காற்று கசிந்தால் அந்தச் சூடு ஏறுவதில்லை. நாசிலைக் கழற்றி அழுத்தமானியைப் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவாயிருந்தால் வால்வு வேலையோடு முடியவும் கூடும்.

தூசி நுழையும் வழி

நம் செம்மண் பூமியில் கோடை உழவின்போதும் ரோட்டவேட்டர் ஓட்டும்போதும் எழும் புழுதியே லைனருக்கு முதல் எதிரி. சூலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தம் பழைய டிராக்டருக்கு ரிங் மட்டும் மாற்றினார். அடுத்த கோடைக்குள் நீலப்புகை திரும்பிவிட்டது. ரிங் தரமில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். பார்த்தால், ஏர் கிளீனரிலிருந்து என்ஜினுக்குச் செல்லும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் விரல் நுழையும் வெடிப்பு! வடிகட்டாத புழுதியை அதன் வழியே என்ஜின் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இதை அறிய எளிய சோதனை உண்டு. என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, காற்று நுழையும் வாயைத் தட்டையான பலகையால் மூடினால் சில நொடிகளில் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறெங்கோ காற்று புகுகிறது. கையால் மூடுவது ஆபத்து. ஆயில் உள்ள ஏர் கிளீனராயின் குறியிட்ட மட்டத்துக்கு மேல் ஊற்றக் கூடாது. மிகுந்த ஆயிலை என்ஜின் உறிஞ்சிக்கொள்ளும்.

கழற்றும் முறை

அம்பாசடர் போன்ற காரில் என்ஜின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. செயின் பிளாக்கால் மேலே தூக்கிவிடலாம். பெரும்பாலான டிராக்டர்களில் அப்படியன்று. என்ஜினே வண்டியின் முதுகெலும்பு. முன்னச்சு அதன் முன்புறத்திலும் கிளட்ச் பெட்டி பின்புறத்திலும் பூட்டப்பட்டிருக்கும். எனவே என்ஜினை எடுக்க வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸ்ஸி பெர்குசன் வண்டிகள் இவ்வகையே. அவற்றில் பலவற்றில் இருப்பது சிம்சன் என்ஜின். 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய நிறுவனம் அது!

முதலில் பேட்டரி இணைப்பையும் டீசல் வழியையும் துண்டித்து, தண்ணீரையும் ஆயிலையும் வடிக்க வேண்டும். முன்னச்சு நடுவில் ஊசலாடும் தன்மையுள்ளது. அதன் இருபுறமும் மர ஆப்பு அடிக்காமல் பிரித்தால் என்ஜின் பக்கவாட்டில் சாய்ந்து ஆளை நசுக்கிவிடும். பின்பகுதிக்கு இரும்பு முட்டுத்தாங்கி வைக்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் ஆகியவை பாரத்தில் திடீரென நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது.

வண்டியைப் பிரித்த கூலியை ஒருமுறைதான் கொடுக்கிறோம். ஆகவே கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்புற ஆயில் சீல் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பேரிங் மூடிகள், கனெக்டிங் ராடுகள், வால்வுகள் ஒவ்வொன்றும் இருந்த இடத்துக்கே, இருந்த திசையிலேயே திரும்ப வேண்டும் என்பதால் கழற்றும்போதே எண் குத்தி வைப்பது அவசியம்.

அளவு பார்த்தல்

லைனர் சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் உச்சிப் பகுதியிலேயே தேய்மானம் அதிகம். மேல், நடு, அடி என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் டயல் கேஜால் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். பெர்க்கின்ஸ் வடிவமைப்பிலான 3.152 என்ற மூன்று சிலிண்டர் என்ஜினின் சிலிண்டர் விட்டம் 91.4 மி.மீ. நம் வண்டியின் அளவும் அனுமதிக்கப்பட்ட தேய்மானமும் அதன் கையேட்டில் உள்ளன. தேய்மானம் அந்த வரம்பைத் தாண்டியிருந்தால் புது ரிங் போடுவதில் பயனில்லை. முட்டை வடிவான துளையில் வட்ட ரிங் எப்படிப் பொருந்தும்? கிராங்க் தேய்ந்திருந்தால் சாணை பிடித்து, அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30 என்ற குறை அளவுகளில் கிடைக்கும் பேரிங்கைப் பொருத்துவர்.

செலவுக் கணக்கை இந்தக் கட்டத்தில் நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டில் சில நாட்களே ஓடும் பழைய வண்டிக்கு முழு வேலை செய்வதைவிட, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரே சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகும் என்பது என் கருத்து.

கல் பிடித்த சிலிண்டரை டீசலால் கழுவுவது வழக்கம். அது போதாது. நுண்ணிய கல்தூள் சுவரிலேயே தங்கிப் புது ரிங்கை அரித்துவிடும். சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை படியாத வரை கழுவி, உடனே ஆயில் பூச வேண்டும்.

திரும்பப் பூட்டுதல்

ரிங்கை லைனருக்குள் தனியே வைத்து அதன் வாய் இடைவெளியை அளக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் சூட்டில் முட்டி உடையும்; மிகுந்தால் அழுத்தம் கசியும். பிஸ்டனில் போடும்போது ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வரலாகாது. லேப்பிங் செய்த வால்வைப் பூட்டியபின் அதன் வழியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா எனப் பாருங்கள். தண்ணீர் நேரே படும் லைனராயின், அடித்தொட்டியை மூடுமுன் தண்ணீர் நிரப்பி, ரப்பர் வளையத்தில் கசிவு இல்லையென உறுதி செய்ய வேண்டும். ஹெட் போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று தவணைகளில், டார்க் ரெஞ்சால் இறுக்குவதே முறை.

இரு பாதிகளையும் சேர்க்கும்போது தண்டு கிளட்சுக்குள் நுழையவில்லையென்றால் பிளைவீலைச் சிறிது திருப்பிப் பார்க்க வேண்டும். போல்டைப் போட்டு இழுத்துச் சேர்த்தால் கிளட்ச் தட்டோ பெட்டியோ உடையும்.

ஓட்டிப் பழக்குதல்

ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்தபடி ஆயில் அழுத்தம் ஏறும்வரை செல்ஃப் அடித்து, பின்பே கிளப்ப வேண்டும். புது என்ஜினை நாள் முழுதும் சும்மா ஓடவிட்டால் நல்லது என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. பளுவில்லாமல் ஓடினால் ரிங் லைனரோடு படியாமல் சுவர் கண்ணாடிபோல் வழுவழுத்துவிடும். ஆயில் குடிப்பது நிற்காது. காலி டிரெய்லர், லேசான உழவு என மிதமான பளுவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம்.

சுமார் 50 மணி ஓட்டத்துக்குப் பின் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்து, பில்டரையும் மாற்ற வேண்டும். கையேட்டில் கூறியபடி ஹெட் போல்டுகளையும் டாப்பெட் இடைவெளியையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். வடித்த ஆயிலில் சிறிது வெள்ளைத் தட்டில் விட்டு வெயிலில் பாருங்கள். மிக நுண்ணிய பொடி மின்னுவது இயல்பு. விரலுக்குத் தட்டுப்படும் செதில்கள் இருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் வேலை செய்தவரை வரவழைத்துக் காட்ட வேண்டும்.